கிளிப்பைக் கொடுத்து வீட்டை வாங்கியவர்

கனடாவின் மான்ட்ரியல் நகரில் வசித்த கைல் மெக்டொனால்ட் என்ற இளைஞர், 2005 ஜூலையில், ஒரு சிவப்பு பேப்பர் கிளிப்பின் படத்தை இணையத்தில் வெளியிட்டு, இதற்கு ஈடாக இதைவிடப் பெரிதாக எதையேனும் தருவீர்களா எனக் கேட்டார். மீன் வடிவப் பேனா கிடைத்தது. பேனா கதவுக் குமிழாகவும், குமிழ் அடுப்பாகவும், அடுப்பு ஜெனரேட்டராகவும் மாறின. ஓராண்டில், 14-ஆவது மாற்றில், சாஸ்காட்செவன் மாகாணத்தின் கிப்ளிங் என்ற சிற்றூரில் அவருக்கு ஒரு வீடே கிடைத்தது.

இதைக் கலைச்செயல் என்பாரும் உண்டு, விளம்பர உத்தி என்பாரும் உண்டு. 2020-இல் ஹேர்பின் ஒன்றுடன் தொடங்கிய அமெரிக்கப் பெண் டெமி ஸ்கிப்பர், அடுத்த ஆண்டின் இறுதியில் டென்னசி மாகாணத்தில் வீடு பெற்றார். இன்றும் பலர் இதே முயற்சியைக் காணொளியாக்கி வருகின்றனர். பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு இதில் தீராத ஆர்வம்.

பண்டமாற்றின் இடர்ப்பாட்டை விளக்க, ஜெவன்ஸ் 1875-இல் எழுதிய நூலிலிருந்து ஒரு நிகழ்வை வகுப்பில் சொல்வேன். பாரிஸ் பாடகி ஒருவர் பசிபிக் தீவொன்றில் கச்சேரி செய்தார். வசூலில் அவர் பங்காகக் கிடைத்தவை 3 பன்றிகள், 23 வான்கோழிகள், 44 கோழிகள், 5,000 தேங்காய்கள், ஏராளமான பழங்கள். கடைசியில் பழங்களைப் பன்றிகளுக்கும் கோழிகளுக்கும் தீனியாகப் போட நேர்ந்தது. நான் கொடுப்பது உமக்கும், நீர் கொடுப்பது எனக்கும் ஒரே நேரத்தில் தேவைப்பட வேண்டும். அந்தப் பொருத்தம் அரிது.

மெக்டொனால்டுக்கு அந்தத் தொல்லை ஏன் இல்லை? வந்த பொருள் எதுவும் அவருக்குத் தேவையில்லை. அடுத்தவருக்குத் தேவைப்பட்டால் போதும். அந்த அடுத்தவரை இணையம் தேடித் தந்தது. ராக் பாடகர் ஆலிஸ் கூப்பருடன் ஒரு பிற்பகலைக் கழிக்கும் வாய்ப்பைக் கொடுத்துவிட்டு, பனி பொழியும் கண்ணாடிக் கோளப் பொம்மை ஒன்றை அவர் வாங்கியபோது பலர் திகைத்தனர். ஆனால் நடிகர் கார்பின் பெர்ன்சன் அத்தகைய கோளங்களை ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருப்பவர். பதிலுக்கு அவர் ஒரு திரைப்பட வேடத்தையே அளித்தார். ஒரு பொருளின் மதிப்பு அதற்குள் இல்லை, பெறுபவரின் மனத்தில் இருக்கிறது என்று கார்ல் மெங்கர் 1871-இல் எழுதியதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

வீட்டைக் கொடுத்தது தனிமனிதர் அல்லர், ஊர் நிர்வாகம். ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழும் ஊர் அது. பெற்ற வேடத்துக்கான நடிகர் தேர்வை அங்கேயே நடத்தி, உலகின் பார்வையைத் தன் பக்கம் திருப்பியது. அது வாங்கியது வேடத்தை அன்று. கிளிப்பின் கதையில் ஓர் இடத்தை. கதை புதிதாக இருந்தவரைதான் அதற்கு அந்த விலை. நூறாவது ஆள் நூறாவது கிளிப்புடன் வந்தால் எந்த ஊரும் வீடு தராது. வெற்றி பெற்றவரின் காணொளியே நமக்கு வந்து சேர்கிறது. அடுப்போடு நின்றுபோனவரின் காணொளி வருவதில்லை.

தேவையால் நடந்த பண்டமாற்றுக்கு அர்ஜென்டினாவைப் பார்க்க வேண்டும். புவனோஸ் ஐரிஸ் அருகே பெர்னாலில் 1995-இல் சிறிய மாற்றுச் சந்தை ஒன்று தொடங்கியது. 2001 டிசம்பரில் வங்கிக் கணக்குகளிலிருந்து பணம் எடுக்க அரசு கட்டுப்பாடு விதித்தபின் அத்தகைய சந்தைகளில் லட்சக்கணக்கானோர் குவிந்தனர். நேரடி மாற்று கைகொடுக்கவில்லை. ஆகவே சந்தைகள் தாமே சீட்டுகள் அச்சிட்டன. சீட்டுகள் அளவுமீறிப் பெருகின, போலிகளும் புகுந்தன, விலைகள் ஏறின. 2002-இலேயே பல சந்தைகள் சரிந்தன. அங்கு ஒருவரும் கிளிப்பிலிருந்து வீட்டுக்கு ஏறவில்லை. பணமே இல்லாமல் வாழலாமே என்று காணொளியைக் காட்டிக் கேட்கும் இளைஞர்களிடம், பழைய துணியும் வீட்டில் சுட்ட ரொட்டியும் சுமந்து அந்தச் சந்தைகளுக்கு வந்த பெண்களைப் பற்றித்தான் முதலில் பேசுகிறேன்.