கைவிரிக்கும் பொலிசாரும் கல்லடி படும் வீடுகளும்

கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த கட்டுகஸ்தோட்டை, பேராதனை, குண்டசாலை, அம்பிட்டிய ஆகிய இடங்களிலும், சேமித்த பணத்தைக் கொண்டு சிறு வீடொன்றைக் கட்டி, அதில் ஒரு பகுதியை வாடகைக்கு விட்டுக் காலந்தள்ளும் தமிழ்க் குடும்பங்கள் பல உள. அவர்களை நிலப்பிரபுக்கள் என்று எவரேனும் அழைப்பாராயின் அவரைக் கண்டு நாம் நகைப்போம். இளைப்பாறிய ஆசிரியர், ஆஸ்பத்திரித் தாதி, மரக்கறிச் செய்கையில் மிச்சம் பிடித்த விவசாயி ஆகியோரே நம்மிடையே உள்ள வீட்டுச் சொந்தக்காரர்கள். மாத வாடகை வராவிடின் இவர்களுட் பலருக்கு மருந்துச் செலவுக்கே வழியில்லை.

இத்தகையோர் எம்மிடம் கொண்டுவரும் வழக்குகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. வாடகை பல மாதங்கள் நிலுவையாகிறது. கேட்டால் பகை மூள்கிறது. ஒருவாறு ஆள் வெளியேறுகிறார். வெளியேறும்போதே மின்கம்பிகள் அறுபடுகின்றன, மலசலகூடத்துப் பீங்கான் நொறுங்குகிறது, கதவுகள் கழற்றப்படுகின்றன. அத்தோடு முடிந்தால் நட்டத்தோடு போயிற்று என்று ஆறலாம். முடிவதில்லை. இரவில் கூரைமீது கல் விழுகிறது. தொலைபேசியில் கொலைமிரட்டல் வருகிறது. புதிதாகக் குடிவந்தவரை வழியில் மறித்து, “அந்த வீட்டில் இருந்தால் உனக்கும் இதுதான்” என்கிறார்கள். அவர் மறுநாளே மூட்டை கட்டுகிறார். சொந்தக்காரர் பொலிஸ் நிலையத்துக்கு ஓடினால் அங்கே ஒரே பதில்தான் காத்திருக்கிறது: “இது சிவில் விஷயம். கோர்ட்டுக்குப் போங்கள்!”

சிவில் விஷயமாம்! வாடகை நிலுவை சிவில் விஷயம். ஒப்பந்தத்தின் பொருள் என்ன என்பது சிவில் விஷயம். கல்லெறிவதும் கதவுடைப்பதும் எந்த நாட்டிலே சிவில் விஷயமாயின? 1883ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு இந்நாட்டில் வழங்கிவரும் தண்டனைச் சட்டக் கோவையை எந்தப் பொலிஸ் உத்தியோகத்தரும் கற்றே பதவிக்கு வருகிறார். சொத்துக்குச் சேதம் விளைவித்தல் அதன் 408ஆம் பிரிவில் இருக்கிறது. குற்றநோக்குடன் அத்துமீறி நுழைதல் 427ஆம் பிரிவில் இருக்கிறது. உயிருக்கும் உடைமைக்கும் அச்சுறுத்தல் விடுப்பதும் அதே கோவையில் குற்றமே. கல்லெறிந்தவர் ஒருகாலத்தில் அதே வீட்டில் வாடகைக்கு இருந்தார் என்பதால் இவை குற்றமல்லாமற் போய்விடுமோ?

சொந்தக்காரர்கள் யாவரும் உத்தமர்கள் என்று நாம் வாதாட வரவில்லை. முற்பணத்தைக் கணக்கின்றி விழுங்குவோரையும், ஒரு மாத வாடகை பிந்தியதும் தண்ணீர்க் குழாயை அடைப்போரையும் நாம் அறிவோம். 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் காரணமின்றி வந்ததன்று. வீடற்றவனைத் தெருவில் எறியும் கையைத் தடுக்கவே அது வந்தது. எனினும் அந்தப் பாதுகாப்பு குடியிருப்பவருக்கு உரியது. குடியை விட்டுப் போய், இருளில் கல்லோடு திரும்பி வருபவருக்கு அதில் ஒரு வரியும் இல்லை.

பொலிசார் கைவிரித்ததும் சொந்தக்காரர் என்ன செய்கிறார்? சந்தியில் நிற்கும் நாலு சண்டியரைத் தேடிப் போகிறார். இதைத்தான் நாம் முழு மூச்சுடன் கண்டிக்கின்றோம். தவணை முடிந்தும் வெளியேறாத ஒருவரை அடியாட்களைக் கொண்டு வெளியேற்றினால் நிகழ்வது என்ன? 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டம், வலோற்காரமாக உடைமை பறிக்கப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் மன்றில் வழக்கு ஏறினால் அவரை மீண்டும் அதே வீட்டில் அமர்த்த வழிசெய்கிறது. அந்நடவடிக்கையில் உறுதி யார் பெயரில் இருக்கிறது என்பது கேள்வியன்று, உடைமை யாரிடம் இருந்தது என்பதே கேள்வி என்று 1982இல் உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் சர்வானந்தா தெளிவாகத் தீர்த்துவிட்டார். ஆகவே சண்டியருக்குக் கொடுத்த பணமும் போய், வீடும் போய், குற்றவாளிக் கூண்டும் சொந்தக்காரருக்கே வாய்க்கும்!

அதே சட்டத்தின் 66ஆம் பிரிவு இன்னொரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. காணியையோ வீட்டையோ பற்றிய தகராற்றால் சமாதானம் குலையும் அபாயம் உண்டெனில், அதனை நீதிமன்றத்துக்கு அறிக்கையிடுவது பொலிசாரின் கடமை. அவர்கள் வாளாவிருப்பின் தரப்பினரே சத்தியக் கடதாசியுடன் நேரே மன்றுக்குச் செல்லலாம். எத்தனை சொந்தக்காரருக்கு இது தெரியும்? தவணை முடிந்தும் வெளியேறாதோர் விடயத்தில், 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்க முறையொன்றையும் தந்திருக்கிறது. ஆனால் அவ்வழியை நாடுபவர் கையில் முறையான குத்தகை உறுதி வேண்டும். நம்மவரோ கடையில் வாங்கிய தாளில் முத்திரையை ஒட்டி, இரண்டாண்டுக் குத்தகையை அண்டை வீட்டாரின் சாட்சியோடு முடித்துக்கொள்கிறார்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்படல் வேண்டும் என்ற கட்டளைச் சட்டம் 1840ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது என்பதை இவர்களுக்கு யார் சொல்வது? நொத்தாரிசின் கட்டணத்தை மிச்சம் பிடித்து வீட்டையே பணயம் வைக்கிறார்கள்.

இவ்வளவு சிறு விவகாரத்துக்கு இத்தனை ஆரவாரமா என்று கேட்போருக்கு நாம் திகனவைக் காட்டுகின்றோம். 2018 பெப்ரவரியில் தெல்தெனியவில் நடந்த வீதித் தகராறொன்றில் லொறிச் சாரதி ஒருவர் தாக்கப்பட்டார். மார்ச் தொடக்கத்தில் உயிரிழந்தார். இரண்டு மூன்று நாட்களுக்குள் திகனவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசலும் தீக்கிரையாயின. எரிந்த வீடொன்றுள் ஓர் இளைஞர் பிணமாகக் கிடந்தார். மார்ச் 6ஆம் திகதி நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. தனிப்பட்ட சச்சரவை இனப்பகையாக மாற்றக் காத்திருப்போர் இம்மலைநாட்டில் என்றும் உண்டு. 1983 ஆடியில் கண்டி வீதிகளில் தமிழர் கடைகள் எரிந்ததைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சொந்தக்காரர் ஓர் இனமும் குடியிருந்தவர் வேறோர் இனமுமாக வாழும் ஊரில், இரவில் விழும் கல்லை யார் எறிந்தார் என்று உடனே விசாரிப்பது பொலிசாரின் தலையாய வேலையன்றோ?

இனி மொழிக்கு வருவோம். முறைப்பாடு செய்யப் போன தமிழர் தமிழிற் சொல்கிறார். புத்தகத்தில் சிங்களத்தில் எழுதப்படுகிறது. எழுதியது இன்னதென்று அறியாமலே அவர் கையொப்பமிடுகிறார். ‘கல்லெறிந்து கதவை உடைத்தார்’ என்று அவர் சொன்னது, மன்றுக்கு வரும்போது ‘வாடகை பற்றிய மனத்தாங்கல்’ ஆகிவிடுகிறது. வழக்கு அங்கேயே செத்துவிடுகிறது. 1956இல் தொடங்கிய அநீதியின் நிழல் இன்னும் அந்த மேசைமீது கிடக்கிறது. சிங்களம் பதிவு மொழியாக உள்ள இடங்களிலும் அரச உத்தியோகத்தருடன் தமிழிற் கருமமாற்றும் உரிமையை 1988ஆம் ஆண்டின் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தந்திருக்கிறது. இஃது எவரிடமும் இரந்து பெறும் சலுகையன்று.

1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைக்கு இத்தகைய முறைப்பாடுகள் பல அனுப்பப்படுகின்றன. அங்கே சட்டத்தரணிகளுக்கு இடமில்லை, அது நன்றே. இணங்கிப் போகக் கூடியவர்கள் இணங்கட்டும். ஆனால் இணக்கம் ஏற்படாவிடின் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்காமல் வீடு திரும்பவேண்டாம். அது இன்றி நீதிமன்றக் கதவு திறவாது.

கண்டி மாவட்டத்தில் இவ்வாறு துன்புறுவோர், வீட்டை ஒப்படைத்த நாளன்றே கிராம உத்தியோகத்தர் முன்னிலையில் சேதங்களைப் பட்டியலிட்டுப் படமெடுத்து வைக்கவேண்டும். முறைப்பாட்டைத் தம் கைப்படத் தமிழில் எழுதி, இரு பிரதிகள் செய்து, ஒன்றிலே பொலிஸ் நிலையத்தின் திகதி முத்திரையைப் பெறவேண்டும். ஏற்க மறுத்தால் அதே பிரதியைப் பதிவுத் தபாலில் பொலிஸ் அத்தியட்சகருக்கு அனுப்பி, பற்றுச்சீட்டுடன் எமக்கு எழுதுக. மறுக்கப்பட்ட முறைப்பாடுகளை ஒன்றாகத் திரட்டி அரசகரும மொழிகள் ஆணைக்குழுவின் முன் வைக்க இருக்கின்றோம்.