கையில் இருப்பதும் மேகத்தில் இருப்பதும்

இலக்கியம் பேசிப் பழகிய இடத்தில் கணினி விளையாட்டைப் பற்றி எழுத வந்தமைக்குக் காரணம் சொல்லிவிட வேண்டும். சென்ற கோடை விடுமுறையில் தமக்கையார் இல்லத்தில் சில நாள்கள் தங்கியிருந்தோம். கல்லூரியில் பயிலும் அவருடைய மகன், பரணில் கிடந்த பழைய பிளேஸ்டேஷன் 2 பெட்டியை இறக்கித் தூசி துடைத்துத் தொலைக்காட்சியோடு இணைத்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு ஆண்டுகள் உறங்கிய பொறி அது. வட்டை உள்ளே வைத்ததும் சற்றே முனகிப் பின் சுழலத் தொடங்கியது. மூன்றாம் வகுப்பில் அவன் பாதியில் விட்டுப்போன மோட்டார்ப் பந்தயம், விட்ட இடத்திலேயே அவனுக்காகக் காத்திருந்தது.

"இன்னும் கொஞ்ச நாள்தான் மாமா, அப்புறம் பெட்டியே தேவைப்படாது. எல்லாம் கிளவுட்லேயே ஓடும்" என்றான். மகிழ்ச்சியோடுதான் சொன்னான். நமக்கோ அச்சொல் மனத்தில் தைத்துக்கொண்டது. அது உண்மையா, உண்மையாயின் நன்மையா என்னும் இரு வினாக்களே இக்கட்டுரை.

கன்சோல் எனப்படும் விளையாட்டுப் பெட்டியில் கணக்கீடு முழுவதும் நம் வீட்டிலேயே நிகழ்கிறது. மேகவழி விளையாட்டிலோ, ஆட்டம் தொலைவிலுள்ள தரவு மையத்தின் வழங்கியில் ஓடுகிறது. அதன் காட்சி மட்டும் திரைப்படம் போல நம் திரைக்கு வருகிறது. நாம் அழுத்தும் பொத்தானின் செய்தி இணையவழி அங்கே போய்ச் சேர்கிறது. விலையுயர்ந்த பொறி வேண்டா. பழைய மடிக்கணினியோ கைப்பேசியோ போதும். கருத்தளவில் இதனினும் எளிய ஏற்பாடு இல்லை எனலாம்.

இது நேற்று முளைத்த எண்ணமும் அன்று. 2010 ஜூனில் அமெரிக்காவில் ஆன்லைவ் என்னும் நிறுவனம் இச்சேவையைத் தொடங்கியது. ஈராண்டில் நிலைகுலைந்து கைமாறி, 2015 ஏப்ரலில் மூடப்பட்டது. அதன் காப்புரிமைகளைச் சோனி வாங்கிக்கொண்டது. இதே துறையிலிருந்த கைகாய் நிறுவனத்தையும் 2012ஆம் ஆண்டிலேயே 38 கோடி டாலர் கொடுத்துச் சோனி வாங்கியிருந்தது. கன்சோலை ஒழிக்க வந்தவர்களின் கருவிகள் கன்சோல் செய்பவரின் கிடங்கிலேயே போய்ச் சேர்ந்தன. பின்னர் 2019 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் நிகழ்ந்த விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில், சுந்தர் பிச்சை மேடையேறி முன்னுரை கூற, கூகுள் தன் ஸ்டேடியா சேவையை அறிவித்தது. அவ்வாண்டு நவம்பர் 19 அன்று பதினான்கு நாடுகளில் அது திறக்கப்பட்டது.

தரவு மையங்களைக் கட்டுவதில் கூகுளுக்கு இணையானோர் மிகச் சிலரே. அத்தகையதொரு நிறுவனம் களமிறங்கியும் வெல்ல இயலாமற்போனது ஏன்? இயற்பியலைக் காரணமாகக் காட்டுவோர் உளர். அதனையும் பார்ப்போம்.

கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆயிரம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள மையத்திற்குப் போய் மீள, வேறு எத்தடையும் இல்லாவிடினும், 10 மில்லிநொடி ஆகும். நொடிக்கு அறுபது படங்கள் காட்டும் ஆட்டத்தில் ஒரு படத்திற்குரிய காலம் 16.7 மில்லிநொடியே. காட்சியைச் சுருக்கவும், விரிக்கவும், வீட்டின் கம்பியில்லா இணைப்பைக் கடக்கவும் ஆகும் நேரத்தையும் கூட்டினால், தாமதம் பல படங்களின் அளவுக்கு நீண்டுவிடும். சதுரங்கத்திற்கு இது பொருட்டன்று. ஒவ்வொரு அடியையும் படக்கணக்கில் எண்ணி ஆடும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் போன்ற சண்டை ஆட்டத்திற்கு இதுவே வெற்றி தோல்வி. மேலும், உயர்தரக் காட்சிக்கு நொடிக்கு 35 மெகாபிட் வேகம் வேண்டுமெனக் கூகுளே கூறியது. கணக்கிட்டால் ஒரு மணி நேரத்திற்கு 15 ஜிபிக்கு மேல். மாதத்திற்கு 1 டிபி என வரம்பிட்ட அகலப்பட்டை இணைப்பில், வேறெதற்கும் பயன்படுத்தாவிடினும், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரமே ஆடலாம்.

ஆயினும், இயற்பியலே ஸ்டேடியாவை வீழ்த்தியது என்று கூறுதல் நேர்மையாகாது. 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 வெளிவந்தபோது பழைய கன்சோல்களில் அது தட்டுத் தடுமாறியது. சோனி தன் இணையக் கடையிலிருந்தே அதனை நீக்கி, 2021 ஜூனில்தான் மீண்டும் சேர்த்தது. அதே ஆட்டம் ஸ்டேடியாவில் அவற்றினும் சீராக ஓடியது. அப்பருவத்தில் புதிய கன்சோல்களோ கடைகளில் கிடைக்கவில்லை. பெருந்தொற்றால் மக்கள் வீடுகளில் அடைந்திருந்தனர். மேகவழி விளையாட்டுக்கு இதனினும் நல்ல காலம் வாய்த்திருக்க முடியாது. அந்நிலையிலும், சைபர்பங்க் வெளிவந்து இரு மாதம்கூட ஆகாத 2021 பிப்ரவரி முதல் நாளில், தனக்கெனத் தொடங்கிய விளையாட்டு உருவாக்கக் கூடங்களை மூடுவதாகக் கூகுள் அறிவித்தது.

பொறி ஓடியும் வணிகம் ஓடாமற்போனதற்கு இரண்டு காரணங்கள் நமக்குத் தோன்றுகின்றன.

முதலாவது, செலவின் இயல்பு. "பாட்டும் படமும் இணையவழி வருகின்றனவே, விளையாட்டு மட்டும் வராதா?" எனக் கேட்போர் உண்டு. ஒரு திரைப்படம் ஒருமுறை சுருக்கி வைக்கப்பட்டுவிட்டால் அக்கோப்பையே கோடிப் பேருக்கு அனுப்பலாம். விளையாட்டில் அது நடவாது. ஆடுபவர் ஒவ்வொருவரும் காணும் காட்சி வேறு; அவர் ஆடும் நேரமெல்லாம் அவருக்கென ஒரு பொறியோ பொறியின் ஒரு பகுதியோ எங்கோ உழைத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். மாலையில் எல்லாரும் ஒருசேர வந்து அமர்வர். விடியலில் பொறிகள் வாளாவிருக்கும். கன்சோல் முறையில் அப்பொறியின் விலையையும் மின் கட்டணத்தையும் ஆடுபவரே ஏற்கிறார். மேகவழியில் அச்சுமை முழுவதும் நிறுவனத்தின் தலையில்.

இரண்டாவது காரணம் உரிமை. நம் நோக்கில் இதுவே தலையாயது. ஸ்டேடியாவில் பல ஆட்டங்களைக் கடை விலையிலேயே தனித்தனியே வாங்க வேண்டியிருந்தது. வாங்கியவருக்கோ வட்டும் இல்லை, தரவிறக்கிக்கொள்ளக் கோப்பும் இல்லை. முழு விலை கொடுத்து வாங்கியது, கடைக்காரர் கதவடைக்கும் நாள்வரை பார்த்து ஆடும் அனுமதி ஒன்றையே. அக்கதவு 2023 ஜனவரி 18 அன்று அடைக்கப்பட்டது. கூகுள் தன் கடைகளில் விற்ற கருவிகளுக்கும் ஆட்டங்களுக்கும் பணத்தைத் திருப்பித் தந்தது. கன்ட்ரோலரை வேறு பொறிகளோடும் இணைத்துக்கொள்ள வழி செய்தது. பாராட்டத்தக்க செயல்கள். ஆயினும், பணம் மீண்டது போல எல்லாம் மீளவில்லை. ஸ்டேடியாவுக்கென்றே செய்யப்பட்டவற்றுள் கில்ட் என்னும் ஆட்டம் பின்னர் வேறு பொறிகளுக்கு வந்து பிழைத்தது; அவுட்காஸ்டர்ஸ் அச்சேவையோடு மறைந்தது. அதனை ஆடிக் களித்தவர் இன்று எவ்விலை கொடுத்தும் மீண்டும் ஆட இயலாது.

இவ்விடத்தில் தமிழ் பயிற்றும் நம் தொழில் குறுக்கிடுகிறது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார் என்றால், அதற்கு முன் அதன் ஏடுகள் மடங்களிலும் தனியார் இல்லங்களிலும் சிதறிக் கிடந்தன என்று பொருள். ஒருவர் வீட்டில் செல்லரித்த பக்கம் மற்றொருவர் வீட்டில் பிழைத்திருக்கும். எல்லா ஏடுகளும் ஓரிடத்தில் இருந்து, அவ்விடத்தார் ஒருநாள் வேண்டாவென முடிவு செய்திருந்தால் நமக்கு என்ன எஞ்சியிருக்கும்? விளையாட்டைக் காப்பியத்தோடு ஒப்பிடுவதாக எவரும் சினங்கொள்ள வேண்டா. படைப்பு எதுவாயினும், படிகள் பல கைகளில் இருப்பதே அதன் ஆயுள்.

விளையாட்டுகளின் ஆயுளோ ஏற்கெனவே குறுகியது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இன்று விற்பனையில் கிடைப்பதில்லை என வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. வட்டும் அட்டையும் இருந்த காலத்தின் நிலையே இது. விற்பனை நின்றபின்னும் பழைய கடைகளிலும் பரண்களிலும் அவற்றைத் தேடலாம். மேகத்தில் மட்டுமே இருந்த ஆட்டத்தை எப்பரணில் தேடுவது?

இனி, மேகவழியால் கன்சோலோடு போட்டியிட இயலுமா என்னும் முதல் வினாவுக்கு வருவோம். கன்சோலை அகற்றும் போட்டியாளனாக வந்தபோதெல்லாம் அது தோற்றிருக்கிறது. கன்சோலுக்குத் துணையாக நின்றபோது பிழைத்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2020 செப்டம்பரில் தன் கேம் பாஸ் சந்தாவின் ஒரு கூறாகவே மேகவழியைச் சேர்த்தது. சோனி 2023 நவம்பரில் வெளியிட்ட போர்ட்டல் என்னும் கையடக்கக் கருவி, முதலில் வீட்டிலுள்ள கன்சோலின் ஆட்டத்தையே காட்டியது; மேகவழி ஆட்டம் அதில் பின்னரே வந்தது. என்விடியாவின் ஜிஃபோர்ஸ் நவ் வேறொரு வழியில் சென்றது. ஆட்டத்தை நீங்கள் வேறு கடையில் வாங்கி வைத்திருங்கள், ஓட்டுவதற்குப் பொறியை மட்டும் நாங்கள் வாடகைக்குத் தருகிறோம் என்பதே அதன் முறை. அச்சேவை நின்றாலும் வாங்கிய ஆட்டம் வாங்கியவர் கணக்கிலேயே இருக்கும். மேகவழியில் நமக்கு ஏற்புடையது இம்முறையே.

மறுபுறம், 2017இல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் ஆற்றலில் தன் காலத்துப் பெட்டிகளுக்குப் பிற்பட்டது. கைப்பேசி வகைச் சில்லில் ஓடுவது. அது 15 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. தொடர்வண்டியில் இணைப்பு அறுந்தாலும் அதன் ஆட்டம் அறுவதில்லை. மக்கள் தேடுவது இன்னதென்பதற்கு இதுவே போதிய சான்று.

இதனால் கன்சோல் வென்றது என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் நம் கவலை அங்கேதான் தொடங்குகிறது. 2020 நவம்பரில் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் பெட்டியில் வட்டு வைக்க இடமே இல்லை. பிளேஸ்டேஷன் 5இலும் வட்டில்லா வடிவம் ஒன்று உண்டு. 2024இல் வந்த அதன் ப்ரோ வடிவத்திற்கு வட்டு இயக்கியைத் தனியே வாங்க வேண்டும். 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2இன் அட்டைகள் சிலவற்றில் ஆட்டம் இல்லை. அதனைத் தரவிறக்கிக்கொள்ளும் சாவி மட்டுமே உள்ளது. பெட்டி வீட்டில் இருக்கும். பெட்டிக்குள் ஓடுவது நம்முடையதா என்பது ஐயம். கலிபோர்னியா மாநிலம், உரிமத்தை மட்டும் தந்துவிட்டு "வாங்குக" என்று பொத்தானில் எழுதுவோர் அவ்வுண்மையைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டுமெனச் சட்டமியற்றி, 2025 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தியது. ஒரு சொல்லின் பொருளைக் காக்கச் சட்டம் வேண்டியிருந்தது என்பதை மொழி பயின்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே பெட்டிக்கும் மேகத்துக்கும் இடையிலான போட்டி மேற்பரப்பில் தெரிவது. அடியில் நடப்பது உடைமைக்கும் வாடகைக்கும் இடையிலான வழக்கு. கன்சோல் இதுவரை வென்றது, நண்பனுக்கு இரவல் தரவும், ஆடி முடித்தபின் விற்கவும், பன்னிரண்டு ஆண்டு கழித்துப் பரணிலிருந்து இறக்கவும் அது இடங்கொடுத்ததால். அவ்விடத்தைத் தானே அடைத்துக்கொள்ளுமாயின், மேகத்தைவிட அது மேலானது என்று சொல்ல விலையும் எடையும் தவிர வேறொன்றும் எஞ்சாது. வாடகையில் தவறில்லை; வாடகையை வாடகை என்றே சொல்லி, வாடகைக்குரிய விலையையே கேட்கட்டும்.

தமக்கை மகனிடம் இவற்றையெல்லாம் சொன்னோம். பாதியைக் கேட்டான். பிறகு இரண்டாவது கன்ட்ரோலரை எடுத்து நம் கையில் கொடுத்தான். மூன்று பந்தயங்களிலும் நாம் கடைசியாகவே வந்தோம். நாம் ஊர் திரும்பும் நாள்வரை அப்பெட்டி மீண்டும் பரணில் ஏறவில்லை.