ஆகாய யாத்திரையும் சர்க்காரின் கடமையும்

காரைக்கால், நாகை, திருவாரூர்ப் பக்கங்களிலிருந்து பிழைப்பின் நிமித்தம் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் செல்லும் நம்மவர்களில் அநேகர் திருச்சிராப்பள்ளியிலேயே விமானம் ஏறுகின்றனர். ஆதலின் அந்நிலையத்தில் நிகழ்வது நம் வீட்டு விஷயமேயாகும். அங்கு நேர்ந்த இரண்டு சம்பவங்களைப் பொதுஜனங்கள் ஒப்பிட்டு நோக்க வேண்டுகிறோம்.

2018-ம் வருஷம் அக்டோபர் 12-ந் தேதி பின்னிரவில் துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், நிலையத்தின் மதிற்சுவரில் மோதிக்கொண்டே மேலெழும்பிற்று. 130 பிரயாணிகளுடன் அடிப்பாகம் சிதைந்த நிலையில் சில மணி நேரம் பறந்து மும்பையில் இறங்கிற்று. தலைமை விமானியின் ஆசனச் சாய்வு திடீரெனப் பின்சரிய, விசைப் பிடியும் அவர் கையோடு பின்வாங்கிற்றென்றும், விசை குறைந்ததை விமானிகள் கவனிக்கவில்லையென்றும் விசாரணையில் வெளியாயிற்று.

2024-ம் வருஷம் அக்டோபர் 11-ந் தேதி ஷார்ஜாவுக்குக் கிளம்பிய அதே கம்பெனியின் விமானத்தில் ஹைட்ராலிக் அமைப்பு பழுதுற்றது. அவ்வகை விமானத்தில் எண்ணெயை வானிற் கொட்டிவிட வழியில்லை. விமானிகள் பதறாது, ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் வட்டமிட்டு, எண்ணெயை எரித்துப் பாரத்தைக் குறைத்து, 141 பிரயாணிகளையும் க்ஷேமமாய்க் கொணர்ந்து சேர்த்தனர்.

விமானத்தை ஆளும் முறை மூன்றே: மூக்கை உயர்த்தித் தாழ்த்தல், இறக்கைகளைச் சாய்த்தல், இடம் வலம் திருப்பல். இம்மூன்றும் இறக்கைமேற் காற்று போதிய வேகத்துடன் ஓடினாலன்றிப் பலிக்கமாட்டா. ஆதலாற்றான் ஓர் ஆசனத்தின் பழுது விசையைக் குறைத்து, வேகத்தைக் குறைத்து, ஒரு விமானத்தையே சுவரில் மோதச் செய்தது. முதலில் விமானத்தை ஆள்க, பிறகு திசையைப் பார்க்க, அதன்பின்னரே பேசுக என்பது விமானிகளுக்குரிய விதி.

ஆனால் ஆசனத்தைச் சோதிக்க வேண்டியவர் யார்? அவரைக் கண்காணிப்பவர் யார்? விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் காரியாலயத்திற்கு அனுமதிக்கப்பட்ட 1,063 உத்தியோகங்களில் 553 மட்டுமே நிரப்பப்பட்டிருந்ததென 2025-ம் வருஷம் பார்லிமெண்டுக் கமிட்டி தெரிவித்தது. அவ்வருஷம் ஜூன் 12-ந் தேதிதான் ஆமதாபாத்தில் 260 உயிர்கள் மாண்டன. அவ்விபத்திற்கு இக்குறைவே காரணமென்று நாம் கூறவில்லை. கண்காணிப்போர் பாதியளவே உள்ள நாட்டில் அடுத்த பழுதைக் கண்டுபிடிப்பவர் எவர் என்றே கேட்கிறோம். மேலும், விதி செய்யும் காரியாலயமும் விபத்தை விசாரிக்கும் காரியாலயமும் ஒரே மந்திரியின்கீழ் இருப்பது நியாயத்திற்கு ஒவ்வாது.

ஆகவே, காலி ஸ்தானங்களைச் சர்க்கார் தாமதமின்றி நிரப்புக. விசாரணை ஸ்தாபனத்தைப் பார்லிமெண்டுக்கு நேரே பொறுப்புள்ளதாக்குக. அறிக்கைகளைத் தமிழிலும் வெளியிடுக. கடன்பட்டு டிக்கெட் வாங்கும் நம் தொழிலாளி விலை கொடுப்பது ஆசனத்திற்கு மட்டுமன்று. தன் உயிரின் காவலுக்கும் சேர்த்தே கொடுக்கிறான். அதைக் கேட்டுப் பெறுவது நம் தேசத்தொண்டர்களின் கடமை.