மகரக்கட்டு உடைந்த ராஜபார்ட்

பையன்களுக்கு மீசை அரும்பத் தொடங்கினால், அவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனி முதலாளிக்கு வயிற்றில் புளி கரைக்கும். நேற்றுவரை உச்ச ஸ்தாயியில் நின்று பாடிய தொண்டை திடீரென்று கரகரத்துப்போகும். மகரக்கட்டு உடைந்துவிட்டது என்பார்கள். மைக் இல்லாத காலம். கடைசி வரிசைக்குக் கேட்காத குரலுக்குக் கம்பெனியில் எத்தனை நாள் சோறு போடுவார்கள்?

மதுரை அந்தக் கம்பெனிகளின் ஊர். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவை இங்கேதான் தொடங்கினார். அதில் இருந்துவிட்டு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்கு வந்து ராஜபார்ட், அதாவது கதாநாயகன், ஆனவர் புதுக்கோட்டை பி.யு. சின்னப்பா. அப்பா உலகநாத பிள்ளையும் நாடகக்காரர்தான். காளி என். ரத்னம் கம்பெனி வாத்தியார்; எம்.ஜி.ஆரும் அண்ணன் சக்கரபாணியும் அங்கே வேடம் கட்டிய பையன்கள்.

சின்னப்பாவுக்கும் குரல் உடைந்தது. கம்பெனியை விட்டு வெளியே வந்தவர் சங்கீதம் கற்றார். கூடவே சிலம்பம், குஸ்தி, பளு தூக்குதல். இந்த இரண்டாவது படிப்பைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். எம்.கே. தியாகராஜ பாகவதரா, சின்னப்பாவா என்று அன்றைய ரசிகர்கள் கட்சி கட்டிக்கொண்டது பாட்டுக்காக. ஆனால் பாட்டு முடிந்த பிறகும் கண்ணை இழுத்து வைத்திருக்கும் உடம்பு சின்னப்பாவுடையது. வாளெடுத்தால் வாள் வீசத் தெரிந்தவர் என்பது தெரியும்.

பிறகு ஸ்பெஷல் நாடகம். மதுரையைச் சுற்றியுள்ள கிராமத்துக் கோயில் திருவிழாக்களில் இன்றும் நடப்பதுதான். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து, ஒத்திகை கிடையாது. மேடையிலேயே மடக்கிப் பேசி, பாடி, விடியவிடிய ஓட்ட வேண்டும். இதைவிடக் கடுமையான நடிப்புப் பள்ளி எனக்குத் தெரிந்து இல்லை.

அங்கிருந்து சினிமா. 1936இல் ‘சந்திரகாந்தா’ வந்தது. அதில் பெயர் கிடைத்தது. தொடர்ந்து வந்த படங்கள் கைகொடுக்கவில்லை. வாய்ப்பில்லாமல் சும்மா இருந்தவரை சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் அழைத்து ‘உத்தமபுத்திர’னில் (1940) இரட்டை வேடம் கொடுத்தார். தமிழில் இரட்டை வேடத்துக்கு வழி திறந்துவிட்ட படம். நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் ஒரே முகம். நடையிலும் பார்வையிலும்தான் பிரித்துக் காட்ட வேண்டும். ‘ஆரியமாலா’, ‘கண்ணகி’, ‘ஜகதலப்பிரதாபன்’ என்று அடுத்தடுத்து வெற்றி. ‘கண்ணகி’யில் (1942) கண்ணாம்பா தலைவிரி கோலமாக வந்து இளங்கோவன் வசனத்தைப் பொழியும்போது சின்னப்பாவின் கோவலனை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? மதுரைக்காரர்களாவது நினைக்கலாம், பிழைக்க வழி தேடி இந்த ஊருக்கு வந்தவர்கள்தானே வேடமும் நடிகரும்.

சம்பாதித்ததையெல்லாம் புதுக்கோட்டையில் வீடுகளாக வாங்கிக் குவித்தார், இனிமேல் இவருக்கு யாரும் வீடு விற்கக் கூடாதென்று சமஸ்தானமே உத்தரவு போட்டது என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. பேராசை என்று சிரிப்பவர்கள் உண்டு. கம்பெனி வீட்டில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்து வளர்ந்த பையன்களைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது போலும். 1951 செப்டம்பரில் அவர் இறந்தபோது வயது 35. கடைசிப் படம் ‘சுதர்சன்’ அதற்குப் பிறகுதான் திரைக்கு வந்தது.