கடைசிப் படியில் நிற்கும் இளைஞர்கள்

2025 மார்ச் 19 அன்று ஷில்லாங்கில் நடந்த நட்புமுறை ஆட்டத்தில் மாலத்தீவை 3-0 என்ற கணக்கில் இந்தியக் கால்பந்து அணி வென்றது. அதில் ஒரு கோலை அடித்தவர் சுனில் சேத்ரி. முந்தைய ஆண்டு ஜூனில் கொல்கத்தாவில் பன்னாட்டுக் கால்பந்திலிருந்து விடைபெற்றவர் அவர். நாற்பது வயதில் அவரைத் திரும்ப அழைத்திருந்தார்கள். அந்தப் பருவத்தின் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) போட்டியில் அதிக கோல் அடித்த இந்தியரும் அவர்தான். அவருடைய உழைப்பைப் பலரும் பாராட்டினார்கள், நானும் பாராட்டுகிறேன். ஆனால், வளர்ந்த பிள்ளைகள் வீட்டில் இருக்க, ஓய்வுபெற்ற தகப்பனாரை மறுபடி வேலைக்கு அனுப்பும் குடும்பத்தைக் கண்டதுபோன்ற சங்கடமும் எனக்கு இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மட்காவில் சிங்கப்பூரிடம் 1-2 எனத் தோற்று, 2027 ஆசியக் கோப்பையில் ஆடும் வாய்ப்பையும் இந்தியா இழந்தது.

நான் கால்பந்து வல்லுநன் அல்லன். மதுரையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். இந்த விஷயம் என் கவனத்துக்கு வந்தது, என் வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த ஒரு மாணவரால். சோழவந்தான் பக்கத்து ஊர். தந்தை வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்தவர். பதினைந்து வயதில் வெளியூர்க் கிளப் ஒன்றின் இளையோர் அகாடமிக்குத் தேர்வானார். ஊரில் பதாகை வைத்தார்கள். இருபது வயதில் திரும்பி வந்து இளங்கலைப் பொருளியலில் சேர்ந்தார். சேர்க்கை நாளில் அவருடைய தந்தை என்னிடம் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது: “அஞ்சு வருசம் சார். நல்லாத்தான் சோறு போட்டாங்க, நல்லாத்தான் சொல்லிக் குடுத்தாங்க. ஆனா ஒரு நாள்கூடப் பெரிய டீம்ல எறக்கி விடல. சட்டையப் போட்டுக்கிட்டு உக்காந்துட்டே வந்துட்டான்.”

குறை சொல்லும் தொனி அதில் இல்லை. விளைச்சல் பொய்த்த கணக்கை ஒப்பிக்கும் உழவரின் தொனி அது. ஆனால், பொருளியல் படித்தவனுக்கு அங்கே ஒரு கேள்வி எழுந்தாக வேண்டும். ஐந்தாண்டு உணவு, உறைவிடம், பயிற்சி என்று செலவழித்த நிறுவனம், அந்த முதலீடு பலன் தரக்கூடிய கடைசிப் படியில் ஏன் பின்வாங்குகிறது?

ஐ.எஸ்.எல். 2014-ல் தொடங்கியபோது ஓர் அணியின் பதினொருவரில் ஆறு பேர் வரை வெளிநாட்டவராக இருக்கலாம். 2017-18-ல் அது ஐந்தாகவும், 2021-22-ல் நான்காகவும் குறைந்தது. அப்போதே, வளரும் வீரர்கள் நால்வரையாவது ஒப்பந்தம் செய்ய வேண்டும், அவர்களில் இருவராவது ஆட்டநாள் பட்டியலில் இருக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. நல்ல விதிகள்தாம். ஆனால், கூர்ந்து பாருங்கள்: பட்டியலில் பெயர் இருந்தால் போதும், களத்தில் கால் பட வேண்டியதில்லை. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் கிளப் உரிம நிபந்தனைகளும் இளையோர் அணிகளைக் கேட்கின்றன. அவற்றில் வளர்ந்தவருக்கு எத்தனை நிமிடம் ஆட்டம் கிடைத்தது என்று கேட்பதில்லை. கேட்காத ஒன்றை எந்த நிறுவனமும் தானாக வழங்காது. மாற்று இருக்கைகள் நிரம்புகின்றன, விதி நிறைவேறுகிறது.

இதன் விளைவு முன்களத்தில்தான் பளிச்சென்று தெரிகிறது. 2014 முதல் 2024-25 வரையிலான பதினொரு பருவங்களில், அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி ஒரு முறைகூட இந்தியருக்குப் போகவில்லை. கோல் அடிக்கும் இடத்தைத்தான் கிளப்புகள் முதலில் வெளிநாட்டவருக்கு ஒதுக்குகின்றன. கிளப்பின் நோக்கில் அது பிழையும் இல்லை. ஆனால், பத்தொன்பது வயதில் அந்த இடத்தில் நின்று தவறவிட்டுப் பழகாதவர், இருபத்தாறு வயதில் நாட்டுக்காக நின்று அடிப்பார் என்று எதிர்பார்ப்பது எந்தக் கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை. கென்னத் ஆரோ 1962-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரம் ‘செய்து கற்றல்’ என்பது: உற்பத்தித் திறனில் ஒரு பகுதி, வேலையைச் செய்வதன் மூலம் மட்டுமே வரும். அதற்குப் பதிலி கிடையாது.

பயிற்சியாளர்களைப் பழிப்பது எளிது. அவர்கள் நாற்காலியில் அமர்ந்து பார்த்தால் வேறு காட்சி தெரியும். சென்னையின் எஃப்.சி. அணியையே எடுத்துக்கொள்வோம். 2019 டிசம்பரில் ஓவன் கோய்ல் வந்தார். அவருக்குப் பின் சாபா லாஸ்லோ, போஷிதார் பாண்டோவிச், தாமஸ் பிர்தாரிச். 2023-ல் மறுபடியும் கோய்ல். நான்கு ஆண்டுகளுக்குள் நாற்காலி இத்தனை முறை கை மாறினால், மூன்றாண்டு கழித்துப் பழுக்கும் மரத்துக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்? இளைஞர் செய்யும் பிழையின் விலை இன்றைய பயிற்சியாளரின் கணக்கில் ஏறுகிறது. அந்தப் பிழையிலிருந்து அவர் கற்றதன் பலன் அடுத்தவர் கணக்கில் சேர்கிறது. இத்தனைக்கும் அந்தப் பதினொரு பருவங்களில் ஐ.எஸ்.எல்.லில் கீழ்நிலைக்குத் தள்ளப்படும் அச்சம் எந்த அணிக்கும் இருந்ததில்லை. கடைசி இடம் பிடித்தாலும் அடுத்த ஆண்டு ஆடலாம். இளைஞர்களைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பாதுகாப்பான சூழல் வேறு எந்த லீக்கில் கிடைக்கும்? அச்சமே இல்லாத இடத்திலும் துணிவு பிறக்கவில்லை என்றால், சிக்கல் வேறு எங்கோ இருக்கிறது.

எங்கே இருக்கிறது என்பதை கேரி பெக்கர் 1964-ல் வெளியிட்ட ‘மனித மூலதனம்’ நூலின் துணையோடு விளக்கலாம். தொழிலாளி பெறும் திறன் எந்த நிறுவனத்திலும் பயன்படக்கூடிய பொதுத்திறனாக இருந்தால், அதற்கான செலவை ஏற்க எந்த முதலாளியும் முன்வரமாட்டார். கற்றவர் அடுத்த நிறுவனத்துக்குப் போய்விடுவார் அல்லவா! கால்பந்துத் திறன் முழுக்க முழுக்கப் பொதுத்திறன். பயிற்சியளித்த கிளப்புகளுக்கு ஈடுகட்டப் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிஃபா இரண்டு ஏற்பாடுகளை வைத்திருக்கிறது: ஒன்று பயிற்சி ஈட்டுத்தொகை, மற்றொன்று, பெயர்ச்சித் தொகையில் 5 விழுக்காட்டை, வீரர் 12 முதல் 23 வயது வரை பயின்ற கிளப்புகளுக்குப் பிரித்துத் தருவது. பெயர்ச்சிச் சந்தை செழித்த நாடுகளில் இது பெருந்தொகை. ஒப்பந்தம் முடியும்வரை காத்திருந்து, தொகையின்றி வீரரை அழைத்துக்கொள்ளும் வழக்கம் மிகுந்த இடத்தில், 5 விழுக்காடு எதன் மீது கணக்கிடப்படும்?

2016-ல் ஐ.எஸ்.எல்.லின் சிறந்த வளரும் வீரர் விருதைச் சென்னையின் அணிக்காக ஆடிய ஜெர்ரி லால்ரின்சுவாலா பெற்றார். அப்போது வயது பதினெட்டு. அவரை நம்பித் தொடர்ந்து களமிறக்கிய சென்னையின் துணிவைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால், அவர் இரவல் ஒப்பந்தத்தில் வந்தவர், புணேயின் டி.எஸ்.கே. சிவாஜியன்ஸ் கிளப்பின் வீரர். லிவர்பூலோடு இணைந்து அகாடமி நடத்திய அந்தக் கிளப், அடுத்த ஆண்டே ஐ-லீக்கிலிருந்து விலகியது. நம் மாநிலத்திலும் இதற்கு நிகரான கதை உண்டு. மைக்கேல் சூசைராஜ், நந்தகுமார் சேகர், எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் ஆகியோரைப் பெரிய களத்துக்கு ஏற்றிவிட்ட ஏணி, சென்னை சிட்டி எஃப்.சி. கோவைக்கு இடம்பெயர்ந்து, 2019 மார்ச்சில் ஐ-லீக் பட்டத்தையே வென்ற கிளப் அது. சில ஆண்டுகளுக்குள் தேசிய லீக்கில் அதன் பெயரே இல்லாமல் போனது. ஏறியவர்கள் ஐ.எஸ்.எல்.லில் ஆடினார்கள். ஏணி நின்ற இடம் வெறுமையாக இருக்கிறது.

எங்கள் பக்கத்து உவமை ஒன்று சொல்கிறேன். அலங்காநல்லூர், பாலமேடு பகுதிகளில் ஜல்லிக்கட்டுக் காளை வளர்ப்பவர்கள் ஆண்டு முழுவதும் நடை, நீச்சல், மண் குத்தல் என்று பழக்குகிறார்கள். தாங்கள் உண்ணாவிட்டாலும் அதற்குப் பருத்திவிதை வைக்கிறார்கள். ஆனாலும், வாடிவாசல் தாண்டி ஆரவாரத்துக்கு நடுவே அது எப்படி நிற்கும் என்பது திறந்துவிட்ட பிறகுதான் தெரியும். அதனால் யாரும் காளையைக் கட்டுத்தறியிலேயே வைத்திருப்பதில்லை. காரணம் எளிது: வளர்த்த செலவும் அவர்களுடையது, கிடைக்கும் பெயரும் அவர்களுடையது. கால்பந்தில் இவ்விரண்டும் வெவ்வேறு கைகளில் இருக்கின்றன.

செலவைப் பொது அமைப்பு ஒன்று ஏற்றுக்கொண்டபோது என்ன நடந்தது என்பதற்கும் சான்று உண்டு. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 2010-ல் இளம் வீரர்களை மட்டுமே கொண்ட அணியை ஐ-லீக்கில் ஆடவிட்டது. 2013-ல் கைவிட்டது. 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பை 2017-ல் இந்தியாவில் நடந்தபின், ‘இந்தியன் ஆரோஸ்’ என்ற பெயரில் அதை மீட்டெடுத்தது. முதல் பருவத்தில் அட்டவணையின் அடியில் முடித்த பையன்கள் அவர்கள். கீழ்நிலைக்குத் தள்ளப்படுவதிலிருந்து விலக்கு இருந்ததால், தோற்றுத் தோற்றுக் கற்க முடிந்தது. ஜீக்சன் சிங், சுரேஷ் சிங், அன்வர் அலி, ரஹீம் அலி எனப் பின்னாளில் தேசிய அணிச் சட்டை அணிந்த பலர் அங்கே ஆடியவர்கள்தாம். 2022-ல் அந்த அணியும் கலைக்கப்பட்டது. அதே ஆண்டு தொடங்கிய இளையோர் வளர்ச்சி லீக் பயனுள்ளதே. ஆயினும் சம வயதினரோடு ஆடுவதும், முப்பது வயதுத் தற்காப்பு வீரரின் முழங்கையோடு ஆடுவதும் ஒன்றாகா.

மகளிர் கால்பந்தை விட்டுவிட்டு மதுரைக்காரன் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. 2018-19 இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்றது எங்கள் மதுரையின் சேது எஃப்.சி. லூதியானாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என வீழ்த்தியது. நேபாளத்தின் சபித்ரா பண்டாரி கோல்களைக் குவித்த அந்த அணியின் நடுக்களத்தில், கடலூர் மாவட்டத்தின் இந்துமதி கதிரேசன் ஆடினார். வெளிநாட்டு வீராங்கனை ஒருவர் இருப்பதும், நம் பிள்ளைகள் களத்தில் நிற்பதும் ஒன்றுக்கொன்று பகையில்லை என்பதற்கு அந்த அணியே சாட்சி. இந்துமதி பின்னர் காவல் உதவி ஆய்வாளராகவும் பணியாற்றினார். ஆண்கள் அணி ஆசியக் கோப்பையைத் தவறவிட்ட அதே 2025-ல், ஜூலை மாதம் தாய்லாந்தை அதன் மண்ணிலேயே 2-1 என வென்று, 2026 ஆசியக் கோப்பைக்கு மகளிர் அணி தகுதி பெற்றது. ஒரே காரணத்தால் இது நிகழ்ந்தது என்று சொல்லமாட்டேன். பணம் குறைவாகப் புரளும் இடத்தில் உள்ளூர்ப் பிள்ளைகளை நம்பியே ஆக வேண்டியிருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

பணம் மிகுந்தால் வேறு விபரீதம் நேரும் என்பதற்கு இங்கிலாந்து எடுத்துக்காட்டு. அங்கே, சொந்த அகாடமியில் வளர்ந்த வீரரின் ஏட்டு மதிப்பு பூஜ்யம் என்பதால், அவரை விற்ற தொகை முழுவதும் லாபமாகப் பதிவாகிறது. நட்டத்துக்கு உச்சவரம்பு இருக்கும் லீக்கில், கணக்கை நேர்செய்ய வளர்த்த பிள்ளையை விற்பதே வசதியான வழியாகிறது. மேசன் மவுன்ட் 2023-லும் கானர் கேலகர் 2024-லும் செல்சியை விட்டுப் போனது இந்தச் சூழலில்தான். விதியின் எழுத்து எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கம் நடத்தையும் சாயும்.

ஆகவே, விதியை எழுதும் நேரமே முக்கியம்; அந்த நேரம் இப்போது வந்திருக்கிறது. சம்மேளனத்துக்கும் அதன் வணிகப் பங்காளிக்கும் இடையிலான 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8-ல் முடிந்தது. அதற்கு முன்பே லீக் தள்ளிப்போனது. சில கிளப்புகள் முதன்மை அணியின் சம்பளத்தையே நிறுத்திவைத்தன. வணிக உரிமைக்கான ஏலத்தில் யாரும் கேட்கவில்லை. பிறகு, 14 அணிகள் ஒரே சுற்றாக 91 ஆட்டங்கள் மட்டும் ஆடும் சுருக்கப்பட்ட பருவம், 2026 பிப்ரவரி 14-ல் தொடங்கும் என்று அறிவிக்கப்பட்டது. புதிய வருவாய்ப் பகிர்வு முறை எப்படியும் எழுதப்பட்டாக வேண்டும். மையத் தொகுப்பிலிருந்து கிளப்புகளுக்குப் போகும் பணத்தில் ஒரு பங்கை, 21 வயதுக்கு உட்பட்ட இந்தியர்களுக்குத் தரப்பட்ட ஆட்ட நிமிடங்களின் விகிதத்தில் பிரியுங்கள் என்பதே என் யோசனை. சொந்த அகாடமியில் குறைந்தது மூன்றாண்டு பயின்றவர் என்றால் நிமிடத்துக்கு இரு மடங்கு. அவர் வேறு கிளப்புக்குப் போனால், அங்கே ஆடும் நிமிடங்களிலும் வளர்த்த கிளப்புக்கு ஒரு பங்கு. ஆஸ்திரிய லீக் உள்நாட்டு வீரர்களின் நிமிடங்களுக்குப் பணம் தருகிறது; போலந்தும் இளையோர் நிமிடங்களுக்குத் தருகிறது. மெக்சிகோ தண்டனை வழியில் சென்றது: குறித்த நிமிடங்களை எட்டாத அணி புள்ளிகளை இழக்கும். நமக்குத் தண்டனை வழி சரிப்படாது. 89-ஆவது நிமிடத்தில் ஒரு பையனை இறக்கிக் கணக்குக் காட்டும் கலையில் நாம் தேர்ந்தவர்கள். அதைத் தடுக்க, ஆட்டத்தைத் தொடங்கியவருக்கே முழு மதிப்பு என்று எழுதலாம். 22-ஆவது பிறந்தநாளில் பையனைக் கைவிடும் ஆபத்தும் உண்டு. அதற்காக மதிப்பை 24 வயது வரை படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

தகுதிக்கே இடம், சலுகைக்கு இல்லை என்பார்கள். அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால், தகுதி என்பது அளக்கப்பட்ட பிறகுதானே தெரியும்? அளவுகோலின் அருகிலேயே விடாமல் ஒருவரைக் குள்ளம் என்று எப்படித் தீர்மானிப்பது? அதோடு, இங்கே இழப்பு கிளப்புக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குப் போட்டிகளில் ஆடிய சான்றிதழ் வேண்டும். என் மாணவர் அகாடமியில் இருந்த ஆண்டுகளில் பள்ளி அணிக்கும் ஆடவில்லை, மாநில அணிக்கும் ஆடவில்லை. ஊரிலேயே இருந்த, அவரைவிட ஆட்டத்தில் குறைந்த நண்பர், பல்கலைக்கழக அணிக்கு ஆடிய சான்றிதழோடு வேலைக்குப் போய்விட்டார். பெக்கரின் கோட்பாட்டில் பயிற்சியின் விலையைக் குறைந்த கூலியாகத் தொழிலாளி செலுத்துவார்; இவர் வயதாகச் செலுத்தினார்.

இப்போது அவர் தனியார் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறார். மாலையில் ஊர்ப் பள்ளி மைதானத்தில் சிறுவர்களுக்குப் பந்து பழக்குகிறார். சென்ற மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். பையன் ஒருவன் மிக நன்றாக ஆடுகிறானாம், வயது பதினான்கு, அகாடமித் தேர்வுக்கு அனுப்பலாமா என்று கேட்டார். “எத்தனை வருசம் சொல்லிக் குடுப்பீங்கன்னு கேக்காதப்பா, எத்தனை நிமிசம் ஆட விடுவீங்கன்னு கேளு” என்றேன். “கேட்டா எடுக்கமாட்டாங்க சார்” என்றார்.