வான் பாய்ந்த பிறகும் எதற்கு நீர்வெட்டு?

மாரி மழை கொட்டித் தீர்த்து, குளங்கள் வான் பாய்ந்து, வயல் வட்டையெல்லாம் வெள்ளம். கோடையில் "குளம் வற்றிவிட்டது" என்று சொல்லிப் போட்ட நீர்வெட்டு மட்டும் எங்கள் ஊரில் இன்னும் தொடர்கிறது.

குளம் நிறைந்தால் குழாயில் வந்துவிடாது என்று சிலர் எங்களுக்குப் பாடம் எடுக்கிறார்கள். தெரியும். மழைக்குக் கலங்கல் கூடும், வடிகட்ட நேரம் எடுக்கும். அப்படியென்றால் அதைச் சொல்லுங்கள். எத்தனை நாளைக்கு? மோட்டர் பழுதா? குழாய் கசிவா? இந்த நாட்டில் சுத்திகரித்த நீரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கசிவிலும் கணக்கில்லாமலும் போகிறது. அதை அடைக்காமல் எங்கள் குழாயை அடைப்பது என்ன நியாயம்?

வற்றிய காலத்தில் பொறுத்தோம். பள்ளிவாசல் ஹவுழுக்கு பவுசரில் ஊற்றினோம். பிள்ளைகளைத் தண்ணீர்ப் போத்தலோடு பாடசாலைக்கு வரச் சொன்னோம். பில்லில் மாதாந்த நிலையான கட்டணம் மட்டும் ஒரு நாளும் வெட்டுப்படவில்லை!

"சபூர் செய்யுங்கள்" என்கிறவர்களே, சபூர் வரட்சிக்கு. அலட்சியத்துக்கு அல்ல.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி இந்தக் கேள்விகளை எழுத்தில் கொடுக்கிறோம். தகவல் தருவார்களா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கையெழுத்து வைக்க வாருங்கள், கடைசியாக வந்த பில்லையும் கொண்டு வாருங்கள்.