தொக்கி நிற்கும் வம்பு

வத்தல்மலைக்குப் போகும்போது அடிவாரத்தில் ஒருவரிடம் வழி கேட்டோம். "மலை வழிதான் சார், போங்க" என்றார். மலைக்குப் போகிற வழியா, மலைமேல் போகிற வழியா? உருபு தொக்கி நின்றது. நாங்கள் அரை மணி நேரம் வெயிலில் நின்றோம்.

அன்று மாலை ஒரு காப்பித் தோட்டத்துத் திண்ணையில் இதே வியாதியைக் கம்ப்யூட்டர் பாஷையில் காட்டினான் என் தங்கை மகன். கென்னத் ஐவர்சன் என்ற கனடாக்காரர் 1962-ல் எழுதிய புத்தகத்திலிருந்து பிறந்தது ஏ.பி.எல். எண்களை ஒவ்வொன்றாக அல்லாமல் வரிசையாகவே கையாளும் பாஷை. 1990-ல் ரோஜர் ஹூயியுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய ஜே, இன்னும் ஒரு படி மேலே போயிற்று. எந்த எண்கள் என்று பெயர் சொல்லாமலே கணக்கை எழுதலாம். நம் தோன்றா எழுவாய் மாதிரி. 'கூட்டு, வகு, எண்ணு' என்று மூன்று குறிகளை அடுக்கினால் சராசரி! ஓரத்து இரண்டும் தனித்தனியே வேலை செய்ய, நடுவிலுள்ளது அவற்றைச் சேர்க்கிறது. அழகுதான், அதோடு எனக்குச் சண்டை இல்லை.

சண்டை இரண்டு குறிகளிடம். மூன்று பேர் 2, 3, 5 மூட்டை காப்பிக்கொட்டை போட்டிருக்கிறார்கள். 'வகு, கூட்டு' என்று எழுதுகிறோம். ஜே, ஒவ்வொன்றையும் மொத்தத்தால் வகுத்து 0.2, 0.3, 0.5 என்று பங்கு பிரிக்கிறது. அதன் தாயாதியான டையலாக் ஏ.பி.எல்., ஒன்றை மொத்தத்தால் வகுத்து 0.1 என்கிறது. இரண்டும் பிழை என்று முனகுவதில்லை. தப்பான விடை, சரியான விடையின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது.

"பழகினால் புரியும் மாமா" என்றான் பையன். பழக்கம்தானப்பா இங்கே வினை! ஒன்றில் பழகியவன்தான் மற்றதில் தைரியமாகத் தவறுவான்.

ஆகவே என் யோசனை இது. மூன்றின் அடுக்கு இருக்கட்டும். இரண்டை வெறுமே ஒட்டிவைத்து, வரிசையை இரண்டு தடவை பயன்படுத்துகிற வழக்கத்துக்கு மட்டும் ஒரு தனிக் குறி வேண்டும். 2020-ல் மார்ஷல் லாக்பாம் வெளியிட்ட பி.க்யூ.என். பாஷை அப்படித்தான் குறி கொடுத்திருக்கிறது. ஜேயும் ஒன்று கொடுக்கட்டும். பழைய புரோகிராம்கள் உடையுமே என்பார்கள். உடைக்க வேண்டாம், அவை பழையபடி ஓடட்டும். புதிதாக எழுதுகிறவன் குறியை விட்டால் ஓர் எச்சரிக்கை போதும்.

குறி கூடினால் சுருக்கம் கெடும் என்பது இன்னொரு வாதம். சுருக்கத்தில் நமக்கு யார் பாடம் சொல்வது? 'ஊறுகாய்' என்ற சொல்லில் மூன்று காலத்தையும் அடைத்தவர்கள் நாம். ஆனால் தொகையை அனுமதித்த நன்னூலே, அது ஏழு பொருள்வரை மயங்கும் என்றும் எச்சரித்துவிட்டது. கேட்பவன் எதிரே இருந்தால் மயக்கம் தெளியும்; "எந்த வழி?" என்று திருப்பிக் கேட்பான். இயந்திரம் கேட்காது. கேட்காத இடத்தில் உருபை விழுங்குவது சிக்கனம் அல்ல. மூன்றாவது ஆளின் பாதி மூட்டைகளை விழுங்குவதற்குச் சமானம்.